சீல் பிரிக்காத ஹார்ட் டிஸ்க்

என் வீட்டுக்காரர் அன்பழகன் ஒரு சாமானை வாங்கி முடிப்பதற்குள் அதன் அடுத்த மாடல் கடைக்கு வந்துவிடும். குறையாகத்தான் சொல்கிறேன். மிக்ஸி வாங்க ஒரு மழைக்காலம் முழுக்க ஊரெல்லாம் விசாரித்தார். அதுவரை நான் பக்கத்து வீட்டில் போய்ச் சட்னி அரைத்தேன். என்னைப் பெண் பார்க்கவும் மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை அவருக்குக் காபி கொடுக்க வேண்டாம் என்று என் அப்பா சொல்லிவிட்டார்.

போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில், மார்க்கெட்டுக்குப் பின்னால் போகிற சந்தில் எங்கள் ஸ்டுடியோ. கீழே கடை, மேலே வீடு. அவருடைய அப்பா பரமக்குடிப் பக்கத்திலிருந்து ரோடு வேலைக்குக் கப்பலேறி வந்தவர். இவர் இங்கேயே பிறந்து, பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஒரு பெங்காலிக்காரரின் ஸ்டுடியோவில் லைட் பிடிக்கப் போனார். எல்லாரும் தாதா என்று கூப்பிடும் அந்த பெங்காலி அண்ணன் மகனோடு இருக்கக் கொல்கத்தா போனபோது கடையை இவரிடமே விட்டுவிட்டுப் போனார். தமிழ்க் கல்யாணமோ தெலுங்குக் கல்யாணமோ, எந்தச் சடங்குக்கு அடுத்து எந்தச் சடங்கு என்று ஐயருக்கு முன்னால் இவருக்குத் தெரியும். மணவறையில் யாரையும் இடிக்க மாட்டார். பெண்ணைப் பெற்றவர் பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் இவர் உட்காருவார். கேமரா கையில் இருக்கும்போது எங்கே நிற்க வேண்டும் என்று அவர் யோசித்து நான் பார்த்ததே இல்லை. கேமராவைக் கீழே வைத்தால்தான் யோசனை ஆரம்பிக்கும். அதன் பிறகு அந்த மனிதரைக் கட்டி மேய்ப்பது என் தலையெழுத்து.

பெண்கள் பக்கத்துப் போட்டோ என்னுடைய வேலை. பெரிய எடிட்டிங் எல்லாம் சென்னையில், வினோத்குமார் என்ற தம்பியிடம். இன்டர்நெட் முன்னைக்குத் தேவலைதான். ஆனாலும் ஒரு கல்யாணத்தை முழுசாக ஏற்றினால் பாதியில் நின்றுவிடும். அதனால் டிஸ்க்கை யாரிடமாவது கையில் கொடுத்து அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். ஏர்போர்ட் வாசலில் நின்று தெரிந்த முகம் வருகிறதா என்று பார்ப்போம். தெரிந்த முகம் இல்லாவிட்டால், தெரிந்தவருக்குத் தெரிந்த முகம். பெட்டிக்குள் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைப்போம். மெயின்லேண்டிலிருந்து எங்களுக்கு வர வேண்டியதும் இப்படித்தான் வந்து சேரும். எங்களிடம் இருந்தவை இரண்டே டிஸ்க். ஒன்று எப்போதும் வினோத்குமாரிடம் இருக்கும், ஒன்று எங்களிடம்.

போன தை மாதம் நடு அந்தமானில் இருக்கிற ரங்கத்தில் ஒரு கல்யாணம். பெண் ஸ்வேதா. அவள் அப்பா இராமகிருஷ்ணன் அங்கே சின்னச் சின்னக் கட்டட வேலைகளை எடுத்துச் செய்கிறவர். மாப்பிள்ளை வீடு போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்கிற ஏரியாவில். பெண்ணுக்கு அம்மா இல்லாததால் பந்தல், சமையல், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் அந்த மனிதரே ஓடிக்கொண்டிருந்தார். தாரை வார்க்கும்போது அவர் குரல் தெளிவாக வேண்டும் என்று இவர் ஒரு காலர் மைக்கை அவர் சட்டையில் குத்தி, தீப்பெட்டி அளவு ரெக்கார்டரைப் பையில் போட்டுவிட்டார்.

ரங்கத்திலிருந்து திரும்பி வருவது லேசான காரியம் இல்லை. ரோடு ஜாரவா பழங்குடிகளின் காட்டுக்குள் வருகிறது. வண்டிகளைச் சேர்த்து, போலீஸ் துணையோடு, கான்வாயாகத்தான் விடுவார்கள். மதியத்துக் கடைசி கான்வாயை விட்டால் மறுநாள்தான். அதனால் ரங்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டியதும் போர்ட் பிளேர்க்காரர்கள் எல்லாரும் காலில் சக்கரம் கட்டிக்கொள்வார்கள். அன்றைக்கும் அப்படித்தான். பெண், மாப்பிள்ளை, மாமியார், நாங்கள் எல்லாரும் அரக்கப் பரக்க வண்டியேறினோம். ரெக்கார்டர் இராமகிருஷ்ணன் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து அதை ஒரு பஸ் டிரைவர், நியூஸ் பேப்பரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டபடி கொண்டுவந்து கொடுத்தார். பேட்டரி செத்திருந்தது. கேமராவிலேயே குரல் நன்றாக விழுந்திருக்கிறது என்று சொல்லி, இவர் அதைப் பொட்டலத்தோடு டிராயரில் போட்டார்.

வண்டியில் நடந்ததைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். மறுநாள் விடியற்காலை போர்ட் பிளேரில் இன்னொரு முகூர்த்தம். கேமரா கார்டுகளைக் காலி செய்தாக வேண்டும். வீடு வந்து சேர்ந்து டிஸ்க்கில் ஏற்றினால் தூக்கம் போய்விடும் என்று, ஓடுகிற வண்டியிலேயே லேப்டாப்பை மடியில் வைத்து டிஸ்க்கைச் சொருகினார். ரங்கம் பக்கம் வீடியோ எடுக்கப் போகிற எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். ரோடோ, முதுகெலும்பு கழன்று விழுகிற ரோடு. ஒவ்வொரு குழிக்கும் டிஸ்க் ஒயரில் தொங்கி எழுந்து லேப்டாப்பின் மேல் மோதியது. வீட்டுக்குப் போய் ஏற்றிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். வழியில் வண்டியோடு படகேறுகிற பாராடாங் ஜெட்டியில் மறுபடி சொன்னேன். நேரத்தை வீணாக்கக் கூடாது என்றார். ஒரு மிக்ஸிக்கு ஒரு மழைக்காலத்தை வீணாக்கிய மனிதர்!

வீட்டுக்கு வந்து நாலைந்து வீடியோவைத் திறந்து பார்த்தார். ஓடின. கார்டுகளை அழித்தார். மறுநாள் கல்யாணமும் முடிந்தது. அந்த வாரமே டிஸ்க்குக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது.

உடனே புதுசு வாங்க வேண்டும் என்று அவரே சொன்னார். நானும் நம்பினேன்.

முதலில் வினோத்குமாருக்குப் போன். அந்தத் தம்பி ஒரே பேச்சில் முடித்தது. "அண்ணா, உங்க ரோட்டுக்கும் உப்புக் காத்துக்கும் எஸ்எஸ்டிதான் சரி. ரப்பர் உறை போட்டது வாங்குங்க. உள்ள சுத்தற தட்டே கிடையாது. கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது." அதோடு விட்டிருக்கலாம். புரோத்ராபூரில் இருக்கிற என் தம்பி சிவபிரகாஷிடம் கேட்டார். அவன் கவர்ன்மென்ட் ஆபீஸில் இருப்பவன். அதே காசுக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கினால் நாலு மடங்கு இடம் கிடைக்கும்போது யாராவது எஸ்எஸ்டி வாங்குவார்களா மாமா என்று கேட்டுவிட்டான். அதிலிருந்து அவருக்கு நாலு மடங்கு என்ற பேச்சுதான். எஸ்எஸ்டி என்றால் ஒரு வருஷத்துக் கல்யாணம், ஹார்ட் டிஸ்க் என்றால் நாலு வருஷத்துக் கல்யாணம் என்று சாப்பிடும்போதும் விரல் மடக்கினார்.

அபர்தீன் பஜாரில் பிஸ்வாஸ் கடையில் ஹார்ட் டிஸ்க்தான் இருந்தது. எஸ்எஸ்டி கேட்டதற்கு அவர், "மெயின்லேண்ட் ஸே ஆயேகா பாய், ஜஹாஸ் ஆனே தோ" என்றார். கப்பல் வரட்டும் என்று அவர் போன தீபாவளியிலிருந்து எல்லாவற்றுக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து இவர் யூடியூபைத் திறந்தார். ஒருவன் எஸ்எஸ்டியை மொட்டை மாடியிலிருந்து எறிகிறான், தண்ணீர் வாளியில் போடுகிறான், கடைசியில் அதன்மேல் காரை ஏற்றுகிறான். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு இவர் கேட்டார்: "நம்ம வீட்ல டிஸ்க் மேல கார் ஏத்தப் போறது யாரு சுதா?"

நமக்குக் கார் கிடையாது, ரங்கத்து ரோடுதான் இருக்கிறது என்றேன். எதை வேண்டுமானாலும் வாங்கட்டும், முதலில் இருப்பதை எதிலாவது ஒரு காப்பி போட்டு வைக்கட்டும் என்று காலையும் மாலையும் சொன்னேன். எனக்கே என் குரல் புளித்துப்போனது. கடைக் கம்ப்யூட்டரில் இடம் இல்லை. ஒருவழியாக நல்லதாக ஒன்று வாங்கி மொத்தத்தையும் மாற்றிவிடலாம், சும்மா சும்மா சொருகினால் பழையதுக்குத்தான் ஆபத்து என்றார். காப்பி இல்லாமல் அதை வினோத்குமாருக்குக் கொடுத்தனுப்பவும் பயந்தார். பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது.

மாசியில் எதிர்வீட்டு தனபாக்கியம் அக்கா கண் ஆஸ்பத்திரிக்குச் சென்னை போனார். அவரிடம் எஸ்எஸ்டியின் படத்தைப் போனில் அனுப்பி, பேரை எழுதிக் கொடுத்து, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வரச் சொன்னார். முடிவு எடுத்துவிட்டாரே என்று நான் முருகனுக்குக் கற்பூரம் ஏற்றினேன். அக்கா திரும்பி வந்து, புளிப் பொட்டலத்துக்கும் முறுக்கு டப்பாவுக்கும் நடுவிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினார். ஹார்ட் டிஸ்க்.

"நீ எழுதிக் குடுத்தது இத்துனூண்டு இருந்துச்சு தம்பி. கடைக்காரப் பையன் நல்லவன். அதே காசுக்கு இவ்ளோ பெருசு இருக்கும்மா, உங்களை ஏமாத்தப் பாக்கறாங்கன்னான். சரின்னு இதையே வாங்கிட்டேன்."

கண் ஆபரேஷன் முடித்து வந்தவரிடம் கோபப்பட முடியுமா? நான் உள்ளே போய்த் தலையில் அடித்துக்கொண்டேன். இருந்தாலும் போகிறது, டிஸ்க் என்று ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டதே, காப்பி போடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். அவர் பெட்டியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். சீல் பிரித்தால் கடைக்காரன் மாற்றித் தர மாட்டானாம். அடுத்து யாராவது சென்னை போகும்போது கொடுத்தனுப்பி எஸ்எஸ்டியாக மாற்றிக்கொள்ளலாமாம். அதுவரை பெட்டி பீரோவுக்குள். பீரோ சாவி அவர் அரைஞாணில்.

ஆக, கீழே மேஜையில் 'டிக் டிக்' என்று ஒரு டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. மேலே பீரோவில் புத்தம் புது டிஸ்க் ஒன்று நாலு மடங்கு இடத்தோடு சும்மா கிடந்தது. நடுவில் மாடிப்படியில் நான். மாசி முழுக்க இதேதான். சென்னைக்குப் போகிறவர்களாக வந்தார்கள். ஒருவர் அவசரமாகப் போனார், ஒருவரிடம் கொடுக்க இவருக்கு நம்பிக்கை இல்லை, ஒருவர் விஜயவாடா வழியாகப் போனார்.

பங்குனியில் ரங்கத்திலிருந்து செய்தி வந்தது. இராமகிருஷ்ணன் வேலை நடக்கிற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து டெய்ரி ஃபார்முக்குத் திரும்பியதும் ஸ்வேதா இவருக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "அண்ணா, ஆல்பம் எப்ப வேணா குடுங்க. அப்பா வர்ற இடம் மட்டும் முதல்ல எடுத்துக் குடுக்க முடியுமா? வந்தவங்க போன்ல எடுத்த எதுலயும் அப்பா இல்ல. பந்தலுக்குப் பின்னாடி எங்கயோ ஓடிட்டு இருந்திருக்கார்." நாளைக்கே தருகிறேன் என்று சொல்லிவிட்டு இவர் மேலே ஓடினார். பீரோ திறந்தது, சீல் பிரிந்தது. இத்தனை நாள் நான் கெஞ்சியது அரை நிமிஷத்தில் நடந்தது. பழைய டிஸ்க்கைச் சொருகினார். டிக், டிக், டிக். திரையில் ஒன்றும் வரவில்லை. கழற்றிச் சொருகினார். ஒயரை மாற்றினார். பிறகு சத்தமும் நின்றுவிட்டது.

அந்த டிஸ்க்கை மறுநாளே ஏர்போர்ட்டில் ஒரு தெரிந்த முகத்திடம் கொடுத்து வினோத்குமாருக்கு அனுப்பினோம். செத்த டிஸ்க்கிலிருந்து படங்களை மீட்டெடுக்கிற ஆட்களிடம் அவன் கொண்டு போனான். திறந்து பார்த்துவிட்டு, உள்ளே தட்டெல்லாம் கீறல், ஓடும்போது பலமாக அடிபட்டிருக்கிறது, ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். திரும்பி வந்த முகத்திடம் அந்த டிஸ்க்கோடு ஒரு எஸ்எஸ்டியையும் தானே வாங்கிக் கொடுத்தனுப்பினான் வினோத்குமார். எங்களைக் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

மேஜையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி. இரண்டும் நல்லவை, இரண்டும் காலி. எனக்கு இரண்டையும் தூக்கிக் கடலில் எறிய வேண்டும் போலிருந்தது. அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

ஸ்வேதா வீட்டுக்குப் போனோம். யாரை வைத்துச் சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்று வழியெல்லாம் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை, நேராக உள்ளே போனார். அந்தப் பெண் டீ போட எழுந்தபோது வேண்டாம் என்று உட்காரச் சொன்னார்.

"போயிடுச்சும்மா. உன் கல்யாணம் முழுசும் போயிடுச்சு. ஓடற வண்டியில காப்பி போட்டேன், அதுல டிஸ்க் அடி வாங்கிடுச்சு. புது டிஸ்க்கை வீட்டுல வெச்சுக்கிட்டே மாத்தாம இருந்தேன். என் தப்புதான்."

அவள் நம்பாதவள் மாதிரி என்னைப் பார்த்தாள். அப்பா ஒரு இடத்தில்கூட இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றார். அவள் அழுதாள். அவள் மாமியார் வாசலில் வந்து நின்றுவிட்டு உள்ளே போனார். எழுந்து போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா போன்ல உங்களைத் திட்டிட்டே இருந்தார் அண்ணா. அந்த வீடியோக்காரன் எதையோ என் பாக்கெட்ல சொருகிட்டு கான்வாய்க்கு ஓடிட்டான்னு. பஸ்ல குடுத்தனுப்பறேன்னார். அது வந்துச்சா?"

இவர் எழுந்துவிட்டார். செருப்பைப் போடாமலே படியிறங்கி ஆட்டோ பிடித்தார். ஸ்வேதா என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டாள்.

டிராயரில் பொட்டலம் அப்படியே இருந்தது. ரப்பர் பேண்ட் உப்புக் காற்றில் இற்றுப்போய்க் கையில் ஒட்டியது. நான் பேட்டரி மாற்றினேன். அவர் கம்ப்யூட்டரில் சொருகினார். ஒரே ஒரு ஃபைல். பேட்டரி தீரும்வரை, காலையிலிருந்து மாலைவரை ஓடியிருக்கிறது. நகர்த்தி நகர்த்திக் கேட்டோம்.

முதலில் இவர் குரல், மைக் சரியாக இருக்கிறதா பார்க்க ஏதாவது பேசச் சொல்கிறது. "என்னத்தப் பேசறது? சாம்பார்ல உப்பே இல்ல" என்றார் இராமகிருஷ்ணன். ஸ்வேதா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரே திட்டுதான். சமையல்காரருக்குத் திட்டு, பூக்காரருக்குத் திட்டு, வாழைமரத்தைச் சாய்த்துக் கட்டியவனுக்குத் திட்டு. ஜெனரேட்டர்காரரிடம், "அரே பாய், லைட் கப் ஆயேகா? ஷாதி கே பாத்?" என்று ஹிந்தியில் ஒரு பாட்டம், லைட் வருவது கல்யாணம் முடிந்த பிறகா என்று. எனக்கே அந்த மனிதரை அப்போதுதான் தெரிந்தது. ஸ்வேதா அழுதுகொண்டே சிரித்தாள். தாரை வார்க்கிற இடத்தில் ஐயர் சொன்னதை அவர் திருப்பிச் சொல்கிறார். பாதியில் நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்கிறார்.

அப்புறம் ஹாரன், ஓட்டம், கான்வாய் போயிடும், ஏறுங்க, ஏறுங்க. அதில் என் குரலும் இருந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாகப் போய், சத்தம் அடங்கியது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம். யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.

"இருப்பா. பொண்ணு ஒரு வாய்கூடச் சாப்பிடல. கான்வாய் கான்வாய்னு கூட்டிட்டுப் போயிட்டானுங்க. ஒரு இலையில கட்டிக் குடுத்திருக்கலாம். எனக்குத் தோணவே இல்ல பாரு."

அப்புறம் நெடுநேரம் காக்கைச் சத்தமும் பாத்திரம் கழுவுகிற சத்தமும்தான். நடுவில் ஒரு தடவை அவரே, யாரிடமும் இல்லாமல், "கேசரிகூட மிஞ்சிக் கிடக்கு" என்றார். நாங்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு நடந்தது இது. டிஸ்க் பிழைத்திருந்தாலும் எங்கள் வீடியோவில் இது இருந்திருக்காது.

ஸ்வேதா ஸ்பீக்கரின் பக்கம் குனிந்தாள். "சாப்பிட்டேன்ப்பா" என்றாள். "பாராடாங் ஜெட்டில சாப்பிட்டேன்."

இவர் எழுந்து போய் எஸ்எஸ்டி பெட்டியை எடுத்தார். கத்தரிக்கோல் தேடவில்லை, சீலைப் பல்லால் கிழித்தார். அந்த ஃபைலை ஏற்ற ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ரப்பர் உறையோடு அதை அவள் கையில் வைத்தார்.

"இதுல இன்னும் எவ்வளவோ இடம் இருக்கும்மா. வந்தவங்ககிட்ட இருக்கிற போட்டோ எல்லாம் வாங்கி, போட்டுத் தரவா?"

"வேண்டாம்ண்ணா" என்றாள். "இதுல அப்பா மட்டும் இருக்கட்டும்."

சரி என்றார். பிறகு உட்கார்ந்து, அந்த ஃபைலை ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு காப்பி போட்டார். யாரையும் கேட்கவில்லை.